வார்த்தவர் பெயரும் கிடந்த இடமும்

விழா மலருக்குக் கட்டுரை எழுதுவோர் கல்லூரியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும், அதனை வளர்த்த பெரியோரின் தொண்டினையும் எடுத்துரைத்தல் மரபு. அப்பணியைச் செம்மையாகச் செய்யவல்லார் பலர் இம்மலரிலே எழுதுகின்றனர். ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கின்றோம். அது மிகச் சிறிய பொருள். ஒரு சாண் உயரமே உடையது. எனினும் அதனை நாம் நடத்தும் முறையிலே வன்னி மண்ணின் வரலாறு பெரிதும் தங்கியிருக்கின்றது.

வன்னியில் ஒரு குளத்தின் அலைகரையிலோ, புதிதாக வெட்டும் கிணற்றிலோ, காடு மூடிய பழங்கோயிலின் அருகிலோ, பாட்டனாரின் பெட்டகத்தின் அடியிலோ ஒரு சிறு செப்புப் படிமம் வெளிப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். கண்டோர் கேட்கும் வினாக்கள் இரண்டு. இதனைச் செய்தவர் யார்? இது செய்யப்பட்ட இடம் எது? அன்று மாலைக்குள்ளேயே விடைகள் பல வந்துவிடும். சோழர் காலத்தது என்பார் ஒருவர். அனுராதபுரத்திலிருந்து வந்தது என்பார் மற்றொருவர். பண்டாரவன்னியன் வழிபட்டது என்பார் வேறொருவர். பொன் கலந்த ஐம்பொன் என்று மெல்ல உரைப்பார் இன்னொருவர். இவ்வளவும் நடக்கும்போதே படிமம் புளியும் சாம்பலும் இட்டு விளக்கப்பெற்றுப் பளபளக்கும். அது கிடந்த குழியும் தூர்ந்துபோம்.

இங்கேதான் பிழை நேர்கின்றது என்பது எமது கருத்து. செய்தவர் பெயர் நூற்றுக்குத் தொண்ணூறு வேளைகளிற் கிடைக்கமாட்டாது. கிடந்த இடமோ அப்பொழுது கண்முன்னே இருக்கின்றது. கிடையாத ஒன்றைப் பற்றி வாதிட்டுக் கையில் உள்ளதை இழந்துவிடுகின்றோம்.

செய்தவர் பெயர் ஏன் கிடைப்பதில்லை? மேலைநாட்டிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வார்க்கப்பட்ட சிறு வெண்கலச் சிலையொன்றைக் கையில் எடுப்பவர் முதலில் அதன் அடியைத் திருப்பிப் பார்ப்பர். அங்கே சிற்பியின் கையொப்பம் இருக்கலாம். வார்ப்புச்சாலையின் முத்திரையும் இருக்கலாம். பாரிசு நகரில் 1838இல் தொடங்கிய பார்பிடியன் வார்ப்புச்சாலை தான் வார்த்தவற்றிலே தன் பெயரைப் பொறித்து வந்தது. ஒரு சிற்பத்திலிருந்து பல பிரதிகள் எடுத்துக் கடைகளில் விற்றமையால், எது எவருடையது எனக் காட்டும் தேவை அவர்களுக்கு இருந்தது.

எம்மவர் வார்ப்பு முறை அத்தகையதன்று. தேன்மெழுகும் குங்கிலியமும் சிறிது எண்ணெயும் கூட்டி உருக்கி, ஆறிய மெழுகிலே உருவத்தை அமைப்பர். படிமத்தின் உயரத்துக்கு ஓர் ஓலையை நறுக்கி, அதனை மடித்து மடித்து முகம், மார்பு, தொடை என அளவுகளை வகுத்துக்கொள்வர். மெழுகுருவின்மேல் முதலில் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி, பின்னர் தடித்த களிமண்ணைப் படையாக அப்பி உலர்த்துவர். சூடேற்ற மெழுகு உருகி ஓடும். அது விட்ட வெற்றிடத்திலே உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்ணச்சை உடைத்தாலன்றிப் படிமம் வெளிப்படாது. ஆகவே ஓர் அச்சிலிருந்து பிறப்பது ஒரு படிமமே. கோயிலுக்கென்று செய்யப்பெற்ற அப்படிமத்திலே சிற்பாசாரியார் தம் பெயரைப் பொறித்தல் வழக்கமன்று.

பெயர் பொறிக்கப்பட்ட இடங்களிலும் அது பெரும்பாலும் கொடுத்தவர் பெயராகவே இருக்கும். தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களை எடுத்துக்கொள்வோம். 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய அக்கோயிலுக்கு அரசனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் அளித்த படிமங்கள் ஏறத்தாழ 66 அங்கே குறிக்கப்பட்டுள்ளன. இத்தனை முழம், இத்தனை விரல் உயரம், இத்தனை திருக்கைகள், இன்னின்ன அணிகலன்கள் என யாவும் நுணுகி எழுதப்பட்டுள்ளன. அளந்து எழுதினார், கொடுத்தவரை எழுதினார், வார்த்த கையின் பெயரை எழுதும் வழக்கம் அவர்களுக்கு இருக்கவில்லை. எமது வீடுகளிலுள்ள பழைய செம்பையும் குத்துவிளக்கையும் பாருங்கள். விளிம்பிலே புள்ளி புள்ளியாய் வெட்டிய எழுத்துக்கள் இருக்கும். அவையும் உடையவர் பெயரே. வார்த்த கன்னாரின் பெயரன்று.

தமிழ் படித்தோர்க்கு இது புதிய இடர்ப்பாடு அன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்த பெரியோரும் இத்தகைய நிலையை எதிர்கொண்டனர். பாட்டு இருந்தது, பாடியவர் பெயர் மறைந்துபோயிற்று. அவர்கள் என் செய்தனர்? நல்ல பாட்டு என்பதற்காகக் கபிலர் தலையிலோ பரணர் தலையிலோ ஏற்றிவிட்டாரல்லர். பாட்டினுள்ளே விளங்கிய அருந்தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும் பெயரிட்டனர். அறியாததை அறிந்ததுபோலக் காட்டாமல், அறிந்த அளவாலே ஒருவரைச் சுட்டிய நேர்மை அது. மிகப் பிற்காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பீசிலி என்னும் ஆங்கில அறிஞர் கிரேக்க நாட்டுப் பழங்கலங்களின் ஓவியர்களைக் கைத்திறன் ஒன்றாலேயே பிரித்தறிந்து, பெர்லின் நகரிலுள்ள ஒரு கலத்தை வைத்து 'பெர்லின் ஓவியர்' என ஒருவருக்குப் பெயரிட்டார். தமிழ்த் தொகுப்பாளர் நெடுங்காலத்துக்கு முன்னர்க் கைக்கொண்ட நெறியும் இதனை ஒத்ததே. படிமம் ஒன்றைக் காணும்போதும் நாம் பின்பற்றத்தக்க நெறி இதுவே.

இனி, ஒரு படிமத்தின் வரலாற்றை உரைக்கும் சாட்சிகள் எவை? உருவம், உலோகம், இடம் என மூன்றைக் கூறலாம்.

உருவம் முதலிற் பேசுவது. முதலில் ஏமாற்றுவதும் அதுவே. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையிலே ஈழத்திலிருந்து சென்ற பொன் பூசிய வெண்கலத் தேவி ஒருத்தி நிற்கின்றாள். உயரம் 143 சென்ரிமீற்றர். காலம் ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டு. 1812 முதல் 1820 வரை இங்கே தேசாதிபதியாயிருந்த பிரௌன்றிக் அதனை 1830இல் அந்நூதனசாலைக்கு அளித்தார். நெடுங்காலமாக அதனைப் பத்தினித் தெய்வம் என்றே கருதியிருந்தனர். வற்றாப்பளையிலே கண்ணகையம்மனுக்குப் பொங்கலிடும் எமக்கு அப்பெயர் இனிப்பதே. ஆனால் அது பௌத்தர் வணங்கிய தாரா தேவியின் உருவம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அது கிடைத்த இடம் யாது? திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரை என்பதே குறிப்பு. நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அக்கரையில் எந்த ஊர், எந்தக் கோட்டம் என்று சொல்ல இன்று வழியில்லை. பெயரிலுண்டான தவறு நூறாண்டின் பின்னேனும் திருத்தப்பட்டது. இடத்திலுண்டான இழப்பைத் திருத்த இயலவில்லை.

உருவத்தின் ஒப்புமை அறிஞரையும் அடியவரையும் ஒருங்கே மயக்கும் என்பதற்குச் சிவபுரத்து நடராசர் சான்று. தஞ்சை மாவட்டத்துச் சிவபுரத்திலே 1951இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட அப்படிமம் திருத்துவதற்கென அனுப்பப்பட்டபோது மாற்றப்பட்டது. கோயிலுக்குத் திரும்பியது பிரதி; மூலம் விற்பனையாயிற்று. கோயிலில் உள்ளது புதுவார்ப்பு என்பதனை டக்ளஸ் பாரெட் என்னும் அறிஞர் 1965இல் எடுத்துக்காட்டினார். மூலப் படிமம் அமெரிக்காவிலே நோர்ட்டன் சைமன் என்பவர் கைக்குப் போய், 1986இலேயே இந்தியாவுக்கு மீண்டது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டினுள் எது மூலம் எனத் துணிவதற்குப் பழைய புகைப்படமும் அளவுகளுமே துணையாம். வார்த்த சிலையிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்ப்பின், உலோகம் ஆறும்போது சுருங்குதலாலே பிரதி சிறிது குறுகும். பழைய அளவு எழுதி வைக்கப்பட்டிருந்தாலன்றி அக்குறுக்கத்தை எதனோடு ஒப்பிடுவது?

உருவத்தைக் கண்டு இனத்தைத் துணிதல் இதனினும் பெரிய தவறு. நாகபட்டினத்தில் 1856 முதல் 1930கள் வரை ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை சிறியன. அவற்றுட் சிலவற்றின் பீடத்திலே தமிழ் எழுத்துக்கள் உள்ளன. சோழப் பேரரசர் சைவராயிருந்த காலத்திலே, சிறீவிசய மன்னன் அங்கு எடுப்பித்த சூடாமணி விகாரம் வளமுற்றிருந்தது, காவிரி நாட்டு வார்ப்புக் கைகள் நடராசரையும் வார்த்தன, புத்தரையும் வார்த்தன. டி. என். இராமச்சந்திரன் 1954இல் வெளியிட்ட நூல் இப்படிமங்களை விரிவாக ஆராய்கின்றது. ஆகவே புத்தர் படிமம் ஒன்று வன்னியிற் கிடைத்தால் அதனை வார்த்தவர் தமிழர் அல்லர் என்று முடிவுகட்ட இயலாது. சிவன் படிமம் கிடைத்தால் வார்த்தவர் தமிழரே என்றும் துணிய இயலாது. தெய்வத்தின் உருவம் வணங்கியவரின் சமயத்தைச் சொல்லும்; வார்த்தவரின் குலத்தையும் மொழியையும் சொல்லமாட்டாது.

இரண்டாவது சாட்சி உலோகம். ஐம்பொன் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படிமத்திலும் பொன் கிடக்கின்றது என எண்ணுவோர் உளர். அவ்வெண்ணத்தாலே அரத்தினால் அராவப்பட்டும் வெட்டப்பட்டும் கெட்ட படிமங்கள் எத்தனையோ! சாரதா சிறீனிவாசன் என்னும் ஆய்வாளர் 1990களில் நூற்றுக்கு மேற்பட்ட தென்னிந்திய உலோகப் படிமங்களை ஆராய்ந்தார். பெரும்பாலானவை செம்போடு வெள்ளீயமும் காரீயமும் கலந்த வெண்கலமே. காரீயத்தின் எடை வேறுபட்ட அணுக்களாகிய சமதானிகள் எந்த விகிதத்தில் உள்ளன என்பதையும், மிகச் சிறு அளவிற் கலந்துள்ள பிற மூலகங்களையும் அளந்து, பல்லவர் காலத்தனவற்றையும் சோழர் காலத்தனவற்றையும் வேறுபிரிக்க அவர் முயன்றார். போற்றத்தக்க முயற்சி அது. எனினும் உலோகமும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. உடைந்த விளக்கும் தேய்ந்த மணியும் மீண்டும் உருக்கப்பட்டுப் புதிய படிமமாகும்போது பல ஊர்ச் செம்பு ஒன்றாய்க் கலந்துவிடும். செம்பு என்றவுடன் கடல் கடந்து வந்தது என்று கூறுதலும் பொருந்தாது. திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலையிலே செம்புத்தாது இருப்பது 1971இற் கண்டறியப்பட்டது.

மூன்றாவது சாட்சியாகிய இடமே எல்லாவற்றினும் வலியது. திருவெண்காட்டிலே 1950களில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட இடபவாகனத் தேவர் படிமத்தின் காலத்தை இன்று ஆண்டோடு சொல்லக்கூடியதாயிருக்கின்றது. அவ்வூர்க் கோயிற் கல்வெட்டு அப்படிமம் 1011இல் அமைக்கப்பட்டதைக் குறிக்கின்றது. படிமம் வேறோர் ஊருக்குப் போய் அதன்பின் வெளிப்பட்டிருப்பின், கல்வெட்டு ஒருபுறமும் படிமம் ஒருபுறமுமாக இரண்டும் ஊமையாகியிருக்கும்.

பத்தூர் நடராசர் வழக்கு இதனை நீதிமன்றத்திலேயே நிறுவியது. 1976இல் அவ்வூர்க் கோயிலருகே கூலித் தொழிலாளி ஒருவர் மண்ணிலே கண்டெடுத்த படிமம் கைமாறிக் கைமாறி இலண்டன் சென்றது. அங்கே நடந்த வழக்கிலே அறிஞர் இரா. நாகசாமி கலைமரபு பற்றிச் சான்று கூறினார். அதனோடு நின்றாரல்லர். அதே இடத்திற் பின்னர்க் கிடைத்த படிமங்களோடு அது ஒப்பிடப்பட்டது. அதன்மேல் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் புற்றின் தடமும் ஆராயப்பட்டன. 1988இற் கோயிலின் பக்கம் கிடைத்த தீர்ப்பு 1991இல் மேன்முறையீட்டிலும் உறுதியாயிற்று. நடராசரும் நாடு திரும்பினார். கண்டவுடன் புளியிட்டுத் தேய்த்திருப்பின் அந்த மண்ணும் கறையான் தடமும் எங்கே இருந்திருக்கும்?

எமக்கு அண்மையிலும் சான்றுண்டு. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலே 1980இல் நடந்த அகழ்வில் ஒரு சிறு வெண்கல முத்திரை கிடைத்தது. அதிலுள்ள பிராமி எழுத்துக்களைப் பற்றி அறிஞர் பலவாறு எழுதியுள்ளனர். அம்முத்திரை பெருங்கற்காலத்து ஈமக்குழியொன்றிலே கிடந்தவாறே கண்டெடுக்கப்பட்டது. அதனாலன்றோ அதன் காலமும் பயனும் பேசத்தக்கனவாயின! அதே முத்திரை பழைய பித்தளைக் கூடையிற் கிடந்திருப்பின் அதற்கு எடையன்றி வேறு மதிப்பு இராது. திருகோணமலையில் 1950இற் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலான படிமங்கள் வெளிப்பட்டன. 1620களிற் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்தபோது அடியார் மண்ணுக்குள் மறைத்தவை அவை என்று கொள்ளுதற்கு, கோயிலுக்கு அருகே அவை ஒருங்கு கிடந்தமையே ஆதாரம்.

இங்கே பொலனறுவைப் படிமங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். 1907, 1908ஆம் ஆண்டுகளிலே தொல்பொருள் ஆணையாளராயிருந்த பெல் அங்குள்ள சிவாலயத்திலே நடராசர், உமை, நாயன்மார் முதலிய படிமங்களைக் கண்டெடுத்தார். 1960இலும் பல கிடைத்தன. சேர் பொன். அருணாசலம் அவற்றின் சைவப் பொருளை விளக்கினார். ஆனந்த குமாரசுவாமி 1914இற் கொழும்பு நூதனசாலையின் படிமங்களைப் பற்றித் தனிநூல் எழுதினார். அவை சோழநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டனவா, ஈழத்திலேயே வார்க்கப்பட்டனவா என்ற வாதம் அக்காலந்தொட்டு நிகழ்கின்றது. எப்பக்கம் வென்றாலும் ஒன்று மாறாது. அவை பொலனறுவைக் கோயிலிலே பூசனை பெற்றன என்பது அவை கிடந்த இடத்தால் உறுதியாகின்றது. செய்தவர் ஊர் ஐயத்துக்குரியதாயிருக்க, வணங்கியவர் ஊர் ஐயமின்றி நிற்கின்றது.

இவ்வேறுபாட்டை இன்று வன்னியிலே நாம் அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. ஒரு செங்கல் வெளிப்பட்டாலும், ஒரு கற்றூண் வெளிப்பட்டாலும், அது எவருடையது என்ற வழக்கு முதலில் எழுகின்றது. அளந்தவர் இலர், வரைந்தவர் இலர், ஆயினும் தீர்ப்புக் கூறுவோர் பலர். பெயர் சூட்டும் விரைவு எவரிடம் தோன்றினும், அவர் எம்மவரே ஆயினும், அது வரலாற்றுக்குப் பகையாம். நீர்ப்பாசனப் பொறியியலாளராயிருந்த பார்க்கர் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே எம் நாட்டுப் பழங்குளங்களை ஆராய்ந்தபோது செங்கற்களின் நீள அகல கனங்களை அளந்து குறித்தார். அவற்றைக் கொண்டு காலத்தை உய்த்துணர முயன்று, 1909இல் நூலாக வெளியிட்டார். அவர் முடிபுகளிற் சிலவற்றை இன்று ஒருவர் மறுக்கலாம். அளவுகளை மறுக்க வேண்டியதில்லை. முடிபு பழையதாகும்; அளவு பழையதாகாது.

வன்னிக்கு இதில் விரைவும் வேண்டும். 2008, 2009ஆம் ஆண்டுகளிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தபோது வீடுகளே இல்லாதிருக்க, பூசையறைப் படிமங்களைப் பற்றிப் பேசுவானேன்? எஞ்சிய பித்தளையும் செம்பும் பழைய இரும்பு வாங்குவோரின் தராசிலே கிலோக் கணக்கில் ஏறின. எஞ்சியவற்றுக்கு வேறோர் இடரும் உண்டு. கோயில் புதுக்கும்போது, தேய்ந்த பழைய விக்கிரகத்தினிடத்திலே புதியது வைக்கப்படும். பழையது மூலையிற் கிடந்து ஒருநாள் உருக்குலைக்குப் போகும்.

சட்டம் காக்காதோ எனலாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் உண்டு. தொல்பொருளைக் கண்டெடுத்தவர் அதனை உரிய அதிகாரிக்கு அறிவித்தல் கடமை. அக்கடமையை எவரும் தட்டிக்கழித்தல் ஆகாது. ஆனால் அச்சட்டத்தின் எல்லை 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள். அந்நாளுக்குப் பிற்பட்டவை அதன் காவலுக்குள் அடங்கா. எமது பூட்டனார் காலத்துத் தூண்டாமணி விளக்கும், கண்ணகையம்மன் சிலம்பும், நாகதம்பிரானுக்கு நேர்ந்த செப்பு நாகபடமும், நூற்றைம்பது ஆண்டுப் பழமையுள்ள வீட்டுப் பிள்ளையாரும் அந்த எல்லைக்கு வெளியே நிற்பவை. அவற்றைக் காப்பவர் நாமே. நாம் காவாவிடின் ஒருவரும் இலர்.

ஆகவே இவ்விழாவையொட்டி ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றோம். எமது கல்லூரி நூலகத்திலே ஓர் உலோகப் படிம ஏடு தொடங்கப்படுக. பொருளை எவரும் கல்லூரிக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. அது வீட்டிலோ கோயிலிலோ இருக்குமிடத்திலேயே இருக்கட்டும். ஏட்டுக்கு வேண்டுவன முன்புறம், பின்புறம், அடிப்புறம் என மூன்று புகைப்படங்கள்; அருகே ஓர் அடிமட்டம்; உயரம், அகலம், எடை; எழுத்தோ புள்ளியோ உண்டெனின் அதன் படி; முறிவு, ஒட்டு முதலிய அடையாளங்கள்; எங்கே, எப்பொழுது, எவரால் எடுக்கப்பட்டது அல்லது எவர்வழி வந்தது என்பது; வீட்டிலுள்ள முதியோர் அதனைப் பற்றிக் கூறுவது. ஊகங்களை வேறு நிரலில் ஊகமென்றே எழுதுக.

இது நாம் புதிதாய்ப் புனைந்த முறையன்று. கலைப்பொருட்களைப் பதிவதற்கென 1997இல் உலகளாவிய முறையொன்று வகுக்கப்பட்டது. 'ஒப்ஜெக்ட் ஐடி' என்பது அதன் பெயர். முதலிற் புகைப்படம் எடுக்கப் பணிக்கும் அம்முறை அடுத்து ஒன்பது வினாக்களைக் கேட்கின்றது. பொருள் யாது, எதனாற் செய்தது, எவ்வளவு பெரியது எனத் தொடங்கும் அவற்றுள் செய்தவர் யார் என்பது ஒன்பதாவது வினா. நாமோ அதனை முதலாவதாக வைத்துக்கொண்டு மற்றை எட்டையும் மறந்துவிடுகின்றோம்.

புகைப்படத்தால் ஆகும் பயன் யாது என்பார்க்கு ஒரு சான்று போதும். கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள் கோயிலிலிருந்த திருமங்கையாழ்வார் படிமத்தை 1957இற் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் புகைப்படம் எடுத்து வைத்தனர். அப்படிமம் 1967இல் ஒக்ஸ்போர்டிலுள்ள அஷ்மோலியன் நூதனசாலையை அடைந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2019இல், ஆய்வாளர் ஒருவர் அப்பழைய படத்தை எடுத்துக்காட்டினார். 2024இல் ஒக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் அதனைத் திருப்பிக் கொடுக்க இசைந்தது. படம் எடுத்தவர் அன்று ஒரு நொடியிற் செய்த வேலை அது. இன்று எமது மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்நொடிக்கு வேண்டிய கருவி கைத்தொலைபேசியாய் இருக்கின்றது.

ஏடு தொடங்கினாற் கள்வர்க்கு வழிகாட்டியதாகாதோ என்று அஞ்சுவோர் உளர். அச்சம் நியாயமானதே. அதனாலேயே ஏடு நூலகத்திற் பூட்டி வைக்கப்படவேண்டும் என்கின்றோம். உடையவர் பெயரும் ஊரும் வெளியிடப்படலாகாது. அன்றியும், படமும் அளவும் பதிவான பொருளை விற்பது கடினம். பதிவில்லாப் பொருளே கள்வனுக்கு உவப்பானது. நதிமூலமும் ரிஷிமூலமும் தேடலாகாது என்ற பழமொழியைச் சொல்லி இம்முயற்சியை விலக்குவாரும் உளர். முனிவர்க்கு அது பொருந்துக. விக்கிரகத்தின் மூலத்தைத் தேடாதிருந்தமையாலன்றோ சிவபுரத்தார் பிரதியை வணங்கினர்?

பழைய மாணவர்களே, இக்கல்லூரியை விட்டுச் சென்று கொழும்பிலும், கனடாவிலும், இலண்டனிலும், அவுஸ்திரேலியாவிலும் வாழ்வோர் உங்களிற் பலர். உங்கள் பூசையறையில் உள்ள படிமம் எவ்வூரிலிருந்து வந்தது என்பதை உங்கள் தாயார் அறிவார். உங்கள் பிள்ளைகள் அறியார். தாயார் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். மாணவர்களே, உங்கள் ஊரிற் கன்னாரோ தட்டாரோ கொல்லரோ முதியவராய் ஒருவர் எஞ்சியிருப்பின், அவர் எந்த மண்ணை எடுத்து அச்சுச் செய்தார், எந்த விகிதத்தில் உலோகம் கூட்டினார், எவரிடம் தொழில் பயின்றார் எனக் கேட்டு, அவர் பெயரை முழுமையாக எழுதுங்கள். பழைய படிமத்தை வார்த்தவர் பெயரை மீட்க எம்மால் இயலாதிருக்கலாம். இன்றைய விளக்கை வார்ப்பவர் பெயரும் நாளை மறையுமாயின், அதற்கு முன்னோரைக் குறைகூற இயலாது.

சக ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். இவ்வேட்டைத் தொடங்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு தடித்த பதிவேடு, ஓர் அடிமட்டம், ஒரு தராசு, பொறுப்பேற்கும் ஓர் ஆசிரியர், இரண்டு மாணவர்: இவை அமைந்தாற் போதும். முதற் பக்கத்தை நாமே எழுதித் தருவோம். எமது இல்லத்துக் குத்துவிளக்கு ஒன்று உண்டு. அதன் உயரம், எடை, அது வந்த வழி என்பன அப்பக்கத்தில் இருக்கும். வார்த்தவர் பெயர் என்ற நிரல் வெறுமையாக இருக்கும். அவ்வெறுமையைப் பொய்யால் நிரப்பாதிருப்போம். உண்மை அறிந்த ஒருவர் என்றேனும் வந்து எழுதுதற்கு அவ்விடம் காத்திருக்கட்டும்.